நம் மலைக் கறிக்கடையில் வாங்கிய மாட்டுக்கறியில் டிரை-டிப் சுடுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கலிபோர்னியாவில் இருக்கும் மச்சான் டிசம்பரில் குடும்பத்தோடு வருகிறாராம். அங்கே விடுமுறை நாளென்றால் டிரை-டிப் என்ற மாட்டுக்கறித் துண்டைக் கரி அடுப்பில் சுட்டுச் சாப்பிட்டுப் பழகியவர். அதையே இங்கே செய்து போட ஆசை. என்ன மசாலா, எத்தனை மணி நேரம் ஊறணும், கறிக்கடையில் அந்தத் துண்டை எப்படிக் கேட்டு வாங்குவது என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “போன தடவை ராத்திரி முழுக்க ஊறவைத்தும் ரப்பர் மாதிரி இருந்தது.” அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. மசாலா சரியாகத்தான் இருந்திருக்கும், கறிதான் மெத்தென்று வரவில்லை. குன்னூரிலும் ஊட்டியிலும் ஓட்டல் சமையலறைகளில் பல வருஷம் கறி வெட்டியும் சுட்டும் பிழைத்தவன் நான். என் பதில் இதுதான்: மசாலா ருசிக்கு. கறி மெத்தென்று வருவது மாட்டின் வயசு, வெட்டியபின் அது கிடந்த நேரம், நெருப்பு, கடைசியில் கத்தி போகும் திசை, இவற்றைப் பொறுத்தது.

முதலில் அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மாட்டின் இடுப்பில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த முனையிலிருந்து முன்தொடை வழியாக முட்டியை நோக்கி இறங்கும் முக்கோணத் தசை அது. வயிற்றுச் சப்பை வந்து தொடையோடு சேரும் மடிப்புக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு மாட்டுக்கு இரண்டே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அமெரிக்காவில் ஒரு துண்டு ஏறக்குறைய ஒரு கிலோ வரும், நம் ஊர் மாட்டில் அதைவிடச் சிறியதாகத்தான் எதிர்பார்க்க வேண்டும். இதைப் பிரபலமாக்கியது கலிபோர்னியாவின் சாண்டா மரியா என்ற ஊர். 1950களில் அங்கே ஒரு கறிக்கடையில் இந்தத் துண்டை முழுசாகச் சுட்டுக் காட்டினார்கள், அங்கிருந்து பரவியது என்று சொல்வார்கள். அதற்கு முன்பு கொத்துக்கறிக்கும் குழம்புத் துண்டுக்கும் போய்க்கொண்டிருந்த கறிதான். அவர்கள் போடுவது உப்பு, மிளகு, பூண்டு, அவ்வளவே. விறகு அந்த ஊர்க் கருவாலி மரம். ஊறவைப்பது என்ற பேச்சே அந்தச் செய்முறையில் கிடையாது.

அவ்வளவு எளிமையாகச் செய்தும் அங்கே கறி மெத்தென்று வருகிறதென்றால் காரணம் மாடு. பெரும்பாலும் இரண்டு வயதைத் தொடாத மாடு, கடைசி மாதங்களில் தானியம் தின்று கொழுத்தது, தசைக்குள்ளேயே கொழுப்பு இழையோடும். வெட்டியபின் குளிரில் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டுத்தான் கடைக்கு வரும். நம் நிலைமை நேர் எதிர். தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1958 சொல்கிறபடி 10 வயதுக்கு மேலாகி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று பெற்றதையோ, அடிபட்டு நிரந்தரமாக முடமானதையோதான் வெட்டலாம். ஆக, கடையில் தொங்குவது பெரும்பாலும் உழுது ஓய்ந்த எருது அல்லது எருமை. வயசான மாட்டின் தசையைச் சுற்றியுள்ள சவ்வு இறுகிப் பிணைந்திருக்கும். அதிலும் காலையில் வெட்டிய கறி மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். இந்தக் கறிக்கு அந்த ஊர்ச் செய்முறையை அப்படியே போட்டால் நீங்கள் சொன்ன ரப்பர்தான் கிடைக்கும்.

கடையில் பெயர் சொல்லிக் கேட்டுப் பயனில்லை, இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். “பாய், பின்சப்பையில இடுப்பு முனைக்குக் கீழ, தொடைக்கு முன்னால ஒரு முக்கோணத் துண்டு வருமே, அத வெட்டாம முழுசா வேணும்” என்று சொல்லி, உங்கள் இடுப்பிலேயே கை வைத்துக் காட்டினால் போதும். நல்ல கைகாரர் யாரும் உடனே புரிந்துகொள்வார். முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அரைமணியில் அதைக் குழம்புத் துண்டாக்கிவிடுவார்கள். கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் கூடக் கொடுக்கிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள், முழுத் துண்டை எடுத்துவிட்டால் மிச்சத்தை விற்பது அவருக்குச் சிரமம். மாடா எருமையா என்ற சந்தேகம் வந்தால் கொழுப்பைப் பாருங்கள். புல் தின்ற மாட்டின் கொழுப்பு மஞ்சள் பாயும், எருமைக் கொழுப்பு வெள்ளையாக இருக்கும். எருமைக் கறி நிறத்தில் இன்னும் கருஞ்சிவப்பு, இழையும் தடிமன். எருமை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, ரொம்பக் கிழடாகாத எருமைக் கறி கிழட்டு எருதைவிட நன்றாகவே சுடும்.

இப்போது பலரும் கவனிக்காத விஷயத்துக்கு வருகிறேன். மாடு வெட்டியதும் தசை தளர்ந்திருக்கும். சில மணி நேரத்தில் விறைக்க ஆரம்பிக்கும். அந்த விறைப்பு தளர ஒன்றிரண்டு நாளாகும், அதன்பின் கறியில் உள்ள நொதிகளே இழைகளை மெல்ல மெல்ல அறுத்து மெதுவாக்கும். காலை ஏழு மணிக்கு வெதுவெதுப்பாக வாங்கிய கறியை எட்டு மணிக்கு ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னொரு கெடுதலும் சேரும். விறைப்பு வருவதற்கு முன்பே தசை ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் அது சுருங்கி இறுகிவிடும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அந்த இறுக்கம் முழுதாக விடாது. எலும்பிலிருந்து பிரித்த துண்டுக்கு இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் சுருங்காமல் இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. எனவே தெரிந்த கடையாக இருந்தால், பின்சப்பையைத் தொங்கின நிலையிலேயே சுத்தமான துணி போர்த்தி வைத்திருந்து சாயங்காலம் வெட்டித் தரச் சொல்லுங்கள். டிசம்பரில் நம் மலைக் குளிருக்கு அது சரிப்படும். கீழே மேட்டுப்பாளையத்து வெயிலில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்துபார்க்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள். கழுவினால் ஈரம்தான் ஏறும், கிருமி சமையல் மேடை முழுக்கத் தெறிக்கும். துணியால் ஒற்றி எடுத்து, ஒரு தட்டில் கம்பி வலை வைத்து அதன் மேல் கிடத்தி, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் மூடாமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள். மேல்பக்கம் உலர்ந்து கருஞ்சிவப்பாகும், அது கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. பிசுபிசுப்போ புளித்த வாடையோ வந்தால்தான் கெட்டது. வீட்டு ஃபிரிட்ஜை அடிக்கடி திறந்து மூடுவோம் என்பதால் ஐந்து நாளைத் தாண்ட வேண்டாம். உங்களுக்கு டிசம்பர் வரை அவகாசம் இருக்கிறது என்பதால் இன்னொன்று சொல்கிறேன். நவம்பர் நடுவிலேயே வாங்கி, மூன்று நாள் இப்படி வைத்துவிட்டு, காற்றுப் புகாமல் சுற்றி ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். உறைந்து உருகும்போது இழை கொஞ்சம் தளரும், சாறும் கொஞ்சம் போகும், கிழட்டுக் கறிக்கு அது லாபமான பேரம்தான். இதில் இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

சுடுவதற்கு முந்தின நாள் துண்டை வெளியே எடுத்து நன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளி நிறத்தில் பளபளவென்று சவ்வு ஓடும். அதன் நுனியில் கத்தியை நுழைத்து, கத்தி வாயைச் சவ்வுப் பக்கமாகச் சற்றுத் தூக்கிப் பிடித்து, பட்டையாக உரித்தெடுங்கள். இந்தச் சவ்வு வேகவே வேகாது, சூட்டில் சுருங்கித் துண்டையே வளைத்துவிடும். மறுபக்கக் கொழுப்பை அரை சென்டிமீட்டர் விட்டு மற்றதைச் சீவுங்கள். அப்புறம் இழைகள் ஓடும் திசையைப் பாருங்கள். முக்கோணத்தின் ஒரு பாதியில் ஒரு பக்கமாகவும், மறுபாதியில் சாய்ந்து வேறு பக்கமாகவும் ஓடும். உப்பு மிளகு பூசிச் சுட்டபின் இது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பாதியும் சந்திக்கும் வளைவில் கத்தியால் ஒரு சின்னக் கீறல் போட்டு வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்பைப் பொறுத்தவரை எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கிலோவுக்கு 12 கிராம். பொடியுப்பு என்றால் தலைதட்டி இரண்டு தேக்கரண்டி, கல்லுப்பைப் பொடித்துப் போடுவதானால் எடை போட்டுக்கொள்வது நல்லது. முந்தின நாள் ராத்திரியே எல்லாப் பக்கமும் தேய்த்து, மறுபடி மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். முதல் அரைமணியில் தண்ணீர் விட்டு நனைந்து கிடக்கும், பயப்படாதீர்கள். உப்பு அந்த நீரில் கரைந்து மெல்ல உள்ளே இறங்கும், காலையில் பார்த்தால் மேல்பக்கம் உலர்ந்திருக்கும். உப்புதான் கறிக்குள் ஆழமாகப் போகும், சுடும்போது சாறு வடியாமல் பிடித்துவைப்பதும் அதுதான். முந்தின நாள் போட முடியாமல் போனால், அடுப்பில் வைக்கும் நிமிஷத்தில் போடுங்கள். இடைப்பட்ட இருபது நிமிஷக் கணக்குதான் மோசம், ஈரம் வெளியே நிற்கும்போதே நெருப்பில் விழுந்து, சுடுவதற்குப் பதில் அவிந்துபோகும்.

மற்ற மசாலாவெல்லாம் மேலேயே நிற்கிற சமாச்சாரம். இரவு முழுக்க வைத்தாலும் மிளகும் சீரகமும் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. அதனால் சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பூசினாலே போதும். கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி மிளகை ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்து மிளகோ, பழனிமலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்து மிளகோ கிடைத்தால் வேறெதுவும் தேடாதீர்கள். பூண்டில்தான் ஒரு சிக்கல். பச்சைப் பூண்டு விழுது தணலில் கருகிக் கசக்கும். அமெரிக்காவில் உலர்ந்த பூண்டுப் பொடி போடுவது அதனால்தான். நம்மிடம் இருப்பது அதைவிடக் காரமான மலைப்பூண்டு, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதை நான் நெருப்பில் காட்ட மாட்டேன். எட்டுப் பத்துப் பல் தட்டி, நாலு மேசைக்கரண்டி நெய்யில் அடுப்பு ஓரமாக வைத்து மணம் இறங்கவிட்டு, கறி வெந்து இறங்கும் நேரத்தில் அந்த நெய்யைத் தடவுவேன். மிளகாய்த்தூள், சர்க்கரை, தயிர் மூன்றும் இந்த வேலைக்கு வேண்டாம். முதலிரண்டும் கருகும், தயிர் ஈரத்தைக் கொண்டுவரும். மச்சானுக்கு நம் ஊர் வாசம் வேண்டுமென்றால் மிளகோடு கொத்தமல்லி விதையும் கொஞ்சம் சீரகமும் வறுக்காமல் உடைத்துச் சேர்க்கலாம், அது ஒட்டிப்போகும்.

பப்பாளிக்காய் போட்டால் மெதுவாகுமே என்று யாராவது சொல்வார்கள். மெதுவாகும், ஆனால் தொட்ட இடம் மட்டும். பப்பாளிப் பாலில் உள்ள நொதி 60, 70 டிகிரிச் சூட்டில்தான் மும்முரமாக வேலை செய்யும், அதனால் அடுப்பில் ஏறிய பின்னும் மேல்பக்கத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஆறு சென்டிமீட்டர் தடிமனான துண்டில் வெளிப்பக்கம் கூழாகி நடுப்பக்கம் அப்படியே கிடக்கும். இரண்டு சென்டிமீட்டர் பில்லைகளாக நறுக்கிச் சுடுவதானால், கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி துருவல், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். முழுத் துண்டுக்கு நான் பப்பாளியைத் தொடுவதில்லை. எலுமிச்சை, வினிகர் கதையும் இதேதான், மேலே மாவு மாதிரி வெளுத்துப்போகும்.

கரிக்கு வருவோம். நீலகிரியில் எங்கு பார்த்தாலும் யூகலிப்டஸ் விறகுதான் கிடைக்கும். அதைக் கறிக்குக் கீழே எரிக்காதீர்கள், தைலவாடை ஏறிவிடும். பைன், சைப்ரஸ் பிசின் மரங்கள், அவையும் ஆகாது. சமவெளியிலிருந்து மூட்டையாக வரும் சீமைக்கருவேலங்கரி அருமையான கரி. அமெரிக்கர்கள் மெஸ்கிட் என்று தேடி வாங்கும் மரத்தின் நெருங்கிய சொந்தம் அது. நாம் பிடுங்கி எறியச் சொல்லி வழக்குப் போடும் மரத்துக்கு அங்கே அத்தனை மரியாதை. புகை மணத்துக்குக் காய்ந்த காபிக் கட்டையோ கொய்யாக் கட்டையோ இரண்டு துண்டு போதும். மழைக்காலத்திலும் பனியிலும் கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முந்தின நாளே சமையலறையில் கொண்டுவந்து வையுங்கள். ஆனால் பற்றவைப்பது வெளியில்தான். குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று கரி அடுப்பை வராந்தாவுக்குள்ளோ அறைக்குள்ளோ இழுத்துவைத்தால் வாடையே தெரியாமல் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

கரியை முழுக்கப் பரப்பாமல் ஒரு பக்கமாகக் குவியுங்கள். மேலே சாம்பல் பூத்ததும் கம்பி வலை உயரத்தில் உள்ளங்கையைக் காட்டினால் இரண்டு மூன்று எண்ணுவதற்குள் எடுக்கத் தோன்ற வேண்டும், அதுதான் பதம். கறியைத் தணலுக்கு மேலே பக்கத்துக்கு நாலைந்து நிமிஷம் வைத்து நன்றாகச் சிவக்கவிட்டு, அப்புறம் கரி இல்லாத பக்கத்துக்கு நகர்த்தி மூடுங்கள். மூடி இல்லையென்றால் பெரிய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்தால் ஆயிற்று. நம் காற்றுக்கும் குளிருக்கும் மூடாமல் வேலை நடக்காது. தடிமனைப் பொறுத்து இருபதிலிருந்து முப்பத்தைந்து நிமிஷம் ஆகும், ஆனால் நிமிஷத்தை நம்பாதீர்கள். நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கறி வெப்பமானி கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிடுங்கள். ஐஸ் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று சோதியுங்கள். கொதிநீரில் 100 காட்டவில்லையே என்று கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள். மலை உயரத்தால் உங்கள் கோத்தகிரியில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியும், ஊட்டியில் 92, 93லும் கொதித்துவிடும்.

மச்சான் அங்கே சாப்பிடுவது நடுவில் 55 டிகிரியை ஒட்டி, உள்ளே நல்ல இளஞ்சிவப்பாக இருக்கும். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு 63 டிகிரி, அதன்பின் மூன்று நிமிஷம் ஆறவிடுவது. நம் கடைக் கறிக்கு நான் 63க்குத்தான் போவேன். 60இல் எடுத்தால் ஆறும்போது மிச்சம் ஏறிவிடும், அதையும் ஊசியைக் குத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். காரணம் நாடாப்புழு. அதன் இளம்புழு அடங்கிய பை தசைக்குள் இருக்கும், மேலே கருகினால் மட்டும் சாகாது. ஃபிரீசரில் போடுங்கள் என்றேனே, அதன் இரண்டாவது நன்மை இங்கேதான்: மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் உறைந்து கிடந்தால் அந்தப் பை செத்துவிடும். ஆனால் மற்ற கிருமிகள் உறைந்து சாவதில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உள்ளே சிவப்பே இல்லாமல் வேகவைத்ததைக் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் உங்கள் கைக்கு வந்த மாடு ரொம்பக் கிழடாக இருந்தால்? நீங்கள் படம் எடுத்து அனுப்பினாலும் அதைப் பார்த்து இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது, நானும் முடியாது. ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. உப்புப் போடுவதற்கு முன் ஓரத்தில் இழைக்குக் குறுக்கே விரல்கனத் துண்டு ஒன்று வெட்டி, தோசைக்கல்லில் நன்றாக வேகும்வரை வாட்டி மென்று பாருங்கள். பல்லுக்கு அடங்கினால் மேலே சொன்னபடி சுடலாம். சக்கையாக வாயிலேயே நின்றால், அந்தத் துண்டைச் சுடும் யோசனையை விட்டுவிட்டு நீண்ட வழிக்குப் போங்கள். சிவக்கச் சுட்டபின் நெய்யும் அரை டம்ளர் தண்ணீரும் விட்டு அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, தணல் குறைந்த பக்கத்தில் மூன்று நாலு மணி நேரம் கிடத்துங்கள். தசை இழைகளைச் சுற்றியுள்ள உள்சவ்வு கரைந்து பிசுக்காகும். இதற்கு அமெரிக்கக் குறிப்புகள் உள்சூடு 95 வரவேண்டும் என்று எழுதும். நம் மலையில் அந்த எண் வரவே வராது, தண்ணீரே அதற்குக் கீழே கொதித்துவிடுவதால் முள் அங்கேயே நிற்கும், நீங்கள் காத்திருக்கக் காத்திருக்கக் கறி காய்ந்துபோகும். 88, 90 வந்ததும் ஒரு கம்பியைச் செருகிப் பாருங்கள், தடையில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம். அதற்கும் நேரமில்லை என்றால் குக்கரில் முக்கால் பதம் வேகவைத்து, துடைத்து உலர்த்தி, கடைசியில் தணலில் காட்டுங்கள். டிரை-டிப் என்று மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் தட்டு காலியாகும்.

நறுக்குவதற்கு முன் பத்து நிமிஷம் ஆறவிடுங்கள், நம் குளிருக்கு ஒரு தட்டைக் கவிழ்த்து. நேற்றுப் போட்ட கீறலில் முதலில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் அதனதன் இழைக்குக் குறுக்கே பென்சில் கனத்துக்கும் குறைவாகச் சீவுங்கள். இழையோடு சேர்த்து வெட்டினால் நீளநூலை மெல்ல வேண்டிவரும், குறுக்கே வெட்டினால் அதே கறி பாதி வேலையைத் தட்டிலேயே முடித்துவிடும். போன தடவை உங்களுக்கு ரப்பராக இருந்ததில் இதற்கும் பங்கிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன், பலரும் முழுத் துண்டையும் ஒரே திசையில்தான் அரிகிறார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக நறுக்காமல் பந்திக்குத் தேவையானதை மட்டும் சீவுங்கள். மிஞ்சிய துண்டை முழுசாகவே ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் குளிரக் குளிர மெல்லிசாகச் சீவி, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகோடு இரும்புச்சட்டியில் இரண்டே நிமிஷம் புரட்டினால் பரோட்டாவுக்கு நன்றாக இருக்கும்.